உரைநடைக்குப் புள்ளியிட்டவர்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர் எனத் தமிழுலகம் போற்றிய இவரைச் சைவம் வளர்த்த சான்றோராகவும் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியராகவும் பலரும் அறிவர். நாம் எழுதும் தொடரின் இடையே இடும் காற்புள்ளிக்கும் இறுதியில் இடும் முற்றுப்புள்ளிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அந்த அளவிற்கு அறியப்பட்டதன்று.

அவர் பிறந்த காலத்தில் தமிழ்க் கல்வி பெரும்பாலும் ஓலையிலேயே இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், இலக்கணம் விதித்த மெய்யெழுத்துப் புள்ளியைக்கூட ஏடு எழுதுவோர் இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டில் தெரியாது. கொடு என்பதும் கோடு என்பதும் ஒரே வடிவில் நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. தொடர் முடிந்த இடத்தில் அடையாளமும் கிடையாது. பழைய உரையாசிரியர்கள் என்க, என்றவாறு போன்ற சொற்களால் தம் கருத்து முடிந்ததை உணர்த்தினர். எஞ்சிய இடங்களில் எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்பது ஆசிரியரின் குரலில் இருந்தது. ஏட்டைக் கையில் வைத்திருந்தாலும் ஆசிரியர் இல்லாதவனுக்கு அது பாதி மூடிய நூலே.

திண்ணைப் பள்ளியில் இவ்வாறு தமிழ் பயின்ற ஆறுமுகம், யாழ்ப்பாணத்தில் வெசுலியன் திருச்சபையினர் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அதன் தலைவராக விளங்கினார். அங்கே அவர் கையில் கிடைத்த ஆங்கில அச்சு நூல்களின் பக்கங்கள் ஓலைக்கு நேர்மாறானவை. சொற்கள் தனித்தனியே நின்றன. தொடர்கள் குறிகளால் எல்லை வகுக்கப்பட்டிருந்தன. அக்காலத்து ஆங்கிலக் கல்வியில் பெருவழக்காக இருந்தது, 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம். அது நிறுத்தக்குறிகளுக்குக் கால அளவே வகுத்திருந்தது. காற்புள்ளியைப்போல் இருமடங்கு அரைப்புள்ளிக்கும், அதன் இருமடங்கு முக்காற்புள்ளிக்கும், அதனினும் இருமடங்கு முற்றுப்புள்ளிக்கும் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. மாத்திரை எண்ணிப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிதாயினும் அயலாகத் தோன்றியிராது. தமிழில் இக்குறிகளுக்கு வழங்கும் பெயர்கள் கால், அரை, முக்கால், முழுமை என்று ஏறுவதும் இத்தகைய கணக்கே. இருமடங்காகப் பெருகாமல் கால் காலாகக் கூடுகிறது, அவ்வளவே.

ஆங்கிலத்தில் குறிகள் வாசிப்பின் நிறுத்தத்தை மட்டும் காட்டுவதில்லை, பொருளையும் தாங்குகின்றன. வேற்றுமை உருபுகள் மிகுதியாக இல்லாத மொழி அது. ஒரு நூல் ஒரு மாணவனுடையதா, பல மாணவருடையதா என்பதை, எஸ் என்னும் எழுத்திற்கு முன்னோ பின்னோ மேலே இடப்படும் சிறு வளைகோடே தீர்மானிக்கும். கூற்றாகவே அமைந்த தொடரைக் குரலை உயர்த்தி வினாவாக்கலாம். எழுத்தில் அதைக் காட்ட வினாக்குறி ஒன்றே துணை. துணைத்தொடர் முன்னே வந்தால் அதன்பின் காற்புள்ளி இடுவர். தனித்து நிற்கத்தக்க இரண்டு தொடர்கள் கருத்தால் நெருங்கியிருப்பின் அரைப்புள்ளி அவற்றை இணைக்கும். விளக்கமோ பட்டியலோ தொடர்வதை முக்காற்புள்ளி அறிவிக்கும்.

தமிழின் இயல்பு வேறு. ஆ, ஓ என்னும் இடைச்சொற்கள் வினாவைக் காட்டிவிடும். உம்மை எண்ணிக்கொண்டே செல்லும். பிறர் கூற்றின் முடிவை என்று என்னும் சொல் உணர்த்தும். ஆதலின் ஆங்கிலத்திற்கு இன்றியமையாத சில குறிகள் தமிழுக்கு அத்துணைத் தேவையல்ல என்று வாதிடவும் இடமுண்டு. ஆயினும் முருகன் தம்பி வீட்டில் இருக்கிறான் என்னும் எளிய தொடரை நோக்குக. வீட்டில் இருப்பவன் முருகனா, அவனுடைய தம்பியா? முருகன் என்பதன்பின் காற்புள்ளி இட்டால் ஒரு பொருள். தம்பி என்பதன்பின் இட்டால் மற்றொரு பொருள்.

கற்ற பள்ளியிலேயே ஆசிரியரான ஆறுமுகம், பெர்சிவல் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றார். செய்யுளே சிறந்தது எனக் கருதிய புலமை மரபில் வந்த ஒருவருக்கு அது நெடிய உரைநடைப் பயிற்சியாக அமைந்தது. மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு எடுத்துச் சென்றபோது, மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு நடை நன்றெனக் கூறினார்.

எனினும் அவருடைய உள்ளம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. சைவப் பிள்ளைகள் தம் சமய நூல்களை அறியாமலே வளர்வதற்குக் காரணம், அந்நூல்கள் அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் இல்லாமையே என்று அவர் கண்டார். திருச்சபையினரிடம் பள்ளி இருந்தது, அச்சகம் இருந்தது, எளிய உரைநடை நூல்கள் இருந்தன. சைவரிடம் ஓலை இருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பெர்சிவலிடம் பார்த்த பணியைத் துறந்தார். பாதிரியாரோடு கொண்ட நன்மதிப்பு ஒருபுறமிருக்க, திருச்சபையின் போதனையை எதிர்க்க அத்திருச்சபையின் கருவிகளையே கையில் எடுத்தார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் பயணமானார். அப்பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. யாழ்ப்பாணத்தில் வித்தியாநுபாலன யந்திரசாலை தோன்றியது.

மாணவர்க்குப் படிநிலையாக அமைந்த பாலபாடங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1852இல் பெரியபுராண வசனம் வெளியாயிற்று. சேக்கிழாரின் நாலாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களில் விரிந்த அடியார் வரலாற்றை, செய்யுள் பயிலாதவரும் படித்தறியும் உரைநடையாக்கிய நூல் அது. நாவலரின் தொடர்கள் எளியன என்று சொல்லிவிட முடியாது. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வர, முற்றுவினை வெகுதொலைவில் நிற்கும் நெடுந்தொடர்கள் பல, வடசொற்களும் மிகுதி. குறிகளின் பயன் விளங்குவது அங்கேதான். எச்சம் முடியும் இடத்தில் காற்புள்ளி நின்று மூச்சுக்கு இடம் தருகிறது. படிப்பவர் முற்றுப்புள்ளியை நோக்கித் தடுமாறாமல் செல்கிறார். ஆசிரியரின் குரல் செய்த வேலையை அச்செழுத்தின் இடையே நின்ற புள்ளிகள் செய்தன. சந்தியைப் பிரித்துச் சொற்களை இடைவெளிவிட்டு அச்சிட்டதும் இதே நோக்கத்தால்தான்.

பாதிரிமார் அச்சிட்ட தமிழ் நூல்களில் ஆங்கிலக் குறிகள் முன்னரே தலைகாட்டியிருந்தன. புலவர்கள் மதிக்கும் இலக்கண, சமய நூல்களின் பக்கங்களில் அவற்றைக் கொணர்ந்து, தமிழ் உரைநடையின் உறுப்பாக நிலைபெறச் செய்ததே நாவலரின் தொண்டு. மரபில் ஊன்றிய அறிஞர் ஒருவரின் கையிலிருந்து வந்தமையால், அயலாரின் வழக்கம் என்று அவற்றைத் தள்ளுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

இல்லறம் ஏற்காத நாவலர் பொருளையும் காலத்தையும் பதிப்புக்கும் பள்ளிக்குமே செலவிட்டார். 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரை அவர் பதிப்பாக வெளிவந்தது. 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். பிழையற்ற பதிப்புக்கு அவர் பெயரே அடையாளமாயிற்று. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

பாலபாடங்கள் அவருக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் அச்சாகிப் பிள்ளைகளின் கைகளுக்குச் சென்றன. அப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோதே புள்ளிகள் அவற்றிற்குரிய இடங்களில் இருந்தன. ஒருகாலத்தில் அவை தமிழ் ஏட்டில் இல்லாதிருந்தன என்பது அவர்களுக்கு வியப்பான செய்தியாகவே இருந்திருக்கும்.