கேளாச் செவியும் பேசும் பொறியும்

தோமஸ் அல்வா எடிசன் என்றதும் மின்விளக்கே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், தாம் கண்டவற்றுள் அவர் பெரிதும் விரும்பியது மனிதர் குரலைப் பிடித்துவைத்துத் திரும்பக் கூறும் பொறியையேயாம். விரும்பியவரோ செவிப்புலன் குன்றியவர்.

1847ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து மிலான் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே செவி மந்தமாயிற்று. புகைவண்டியிற் செய்தித்தாள் விற்றுப் பின்னர்த் தந்தியாளராயினார்.

1877ஆம் ஆண்டின் இறுதியில், மென்லோ பார்க்கிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற் படமொன்று வரைந்து, ஜோன் குரூசி என்னும் கம்மியரிடம் கொடுத்தார். சுரிபோலப் பள்ளம் வெட்டிய பித்தளை உருளை. அதன்மேற் சுற்றிய வெள்ளீயத் தாள். மென்தகட்டிற் பொருத்திய ஊசி. சுழற்ற ஒரு கைப்பிடி. இவ்வளவே பொறி. குரலால் தகடு அதிர, ஊசி தாளிற் குழிகளை அழுத்தும். ஊசி மீண்டும் அவ்வழியே செல்லுங்கால் தகடு அதிர்ந்து பேசும். எடிசன் குழந்தைப் பாடலொன்றைக் கூற, பொறியும் அதனையே கூறிற்று.

1878 பெப்ரவரி 19இல் ஆக்கவுரிமை கிடைத்தது. உலகம் வியந்தது. ஆனால் கேட்குந்தோறும் ஊசி குழிகளைத் தேய்த்தது. சிலமுறை ஓட்டியதும் தாள் கிழிந்தது. கேட்டலே அழித்தலாயிற்று! இக்குறையைத் தீர்க்காமலே எடிசன் மின்விளக்கின் பக்கம் திரும்பி, ஏறக்குறையப் பத்தாண்டு இதனைக் கைவிட்டார். அது பெரும்பிழை என்பதே எம் கருத்து. சிச்செஸ்டர் பெல், சாள்ஸ் டெயின்ரர் என்னும் இருவர் மெழுகிற் குரலைக் கீறும் பொறி அமைத்து 1886இல் உரிமை பெற்றனர். கூடி உழைப்போம் என்று அவர்கள் அழைத்தபோது எடிசன் இணங்கினாரல்லர். தாமும் மெழுகையே கைக்கொண்டு, 1888 ஜூனில் உறக்கமொழித்துப் பொறியைத் திருத்தி முடித்தார். அதன் அருகே அவர் களைத்த முகத்துடன் அமர்ந்திருக்கும் புகைப்படத்தை மாணாக்கர் பலர் கண்டிருப்பர்.

ஒலியின் தரம் அறிய அவர் கையாண்ட முறை விந்தையானது. பெட்டியின் மரத்தைப் பல்லாற் கடித்துக்கொள்வார்; அதிர்வு எலும்பு வழியே உட்செவியை எட்டும். இத்தகையவர் பாடகரையும் தாமே தேர்ந்தெடுத்தார். நடுங்கும் குரல் அவருக்கு ஆகாது. 1929இல் அவரது நிறுவனம் இசைத்தட்டு வணிகத்தை நிறுத்தியது. 1931 ஒக்ரோபர் 18இல் எடிசன் மறைந்தார்.

1878இல் சென் லூயிஸ் நகரிற் பதிவான வெள்ளீயத் தாளொன்று, நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்ரடி நூதனசாலையில் மடிந்து சிதைந்து கிடந்தது. ஊசி தொட்டாற் கிழிந்துவிடும். கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுக்கூடத்தார் ஊசியின்றி, ஒளியால் அதன் குழிகளை அளந்து, கணினியால் ஒலியாக்கினர். 2012இல் 78 வினாடி கேட்டது. முதலில் கோர்னெற் என்னும் ஊதுகருவியின் இசை. பின்னர் ஓர் ஆடவர் குழந்தைப் பாடல் சொல்லத் தொடங்கி, இடையே தவறி, தாமே சிரித்துவிடுகின்றார்.