ஈய எழுத்துகளை நேசித்தவர்



கணினித் திரையில் நொடியில் எழுத்துகள் வந்து நிற்கும் இக்காலத்தில், மேலைநாடுகளில் இளம் வடிவமைப்பாளர்கள் பலர் பழைய கை அச்சு இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அழைப்பிதழ்களும் கவிதை நூல்களும் அச்சிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இவ்வழியில் நடந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ்.

1834-ல் பிறந்த அவர், ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாகும் எண்ணத்துடன் 1853-ல் ஆக்ஸ்போர்டில் படிக்கச் சென்றார். அதே எண்ணத்துடன் வந்திருந்த எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் அவருக்கு உயிர் நண்பரானார். 1855 கோடையில் இருவரும் வட பிரான்சின் பேராலயங்களைக் கண்டனர். பெயர் தெரியாத தொழிலாளர்கள் கல்லிலும் கண்ணாடியிலும் படைத்த அழகு அவர்களை ஆட்கொண்டது. அப்பயணத்தின் முடிவில் இருவரும் குருத்துவப் பாதையை விட்டுக் கலையைத் தேர்ந்துகொண்டார்கள். பின்னாளில் மோரிஸ் கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்தும் விலகினார். குருமடத்தில் பயின்ற நமக்கு இது சற்று வலிக்கத்தான் செய்கிறது.

கவிதை, சுவர்த்தாள், நெசவு என்று பல துறைகளில் பேர் பெற்ற அவருக்கு அச்சுக்கலையில் ஆர்வம் மூண்டது 54-ஆம் வயதில். 1888-ல் நண்பர் எமரி வாக்கர் பழைய அச்சு நூல்களின் பக்கங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிப் பேசியதே அதற்குக் காரணம். அன்றைய இயந்திர அச்சு மலிவாக இருந்தது. மை வெளிறி, எழுத்து மெலிந்திருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட ஜென்சனின் எழுத்துகளைப் புகைப்படத்தில் பெரிதாக்கி, அவற்றைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்து, மோரிஸ் தம் சொந்த எழுத்தை உருவாக்கினார். பழமையை மீட்கப் புதிய கருவியைப் பயன்படுத்த அவர் தயங்கவில்லை. 1891-ல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகம் பிறந்தது. கந்தல் துணியிலிருந்து கையால் செய்த தாள், அடர்ந்த கறுப்பு மை, நெருக்கமான சொற்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பக்கமாகக் கருதி ஓரங்களை வகுத்தார். (நம் பங்கு அழைப்பிதழ்களில் இடம் விடுவதே பாவம் என்பதுபோல் நிரப்பிவிடுகிறோம்!)

அவர் தம் எழுத்துக்குச் சூட்டிய பெயர் ‘கோல்டன்’. தொமினிக்கன் சபைத் துறவியும் ஜெனோவாவின் பேராயருமான அருளாளர் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘கோல்டன் லெஜண்ட்’ என்னும் புனிதர் வரலாற்று நூலை அச்சிடவே அவ்வெழுத்து உருவானது. 1892-ல் அந்நூல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நம்பிக்கையை விட்டு விலகியவர் புனிதர்களின் வரலாற்றுக்கு இவ்வளவு உழைத்தார். நாமோ செபப் புத்தகத்தைப் பிழைகூடத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்புகிறோம்.

ஆனால் அவருக்கு ஒரு முள்ளும் இருந்தது. 1883 முதல் சமவுடைமை இயக்கத்தில் உழைத்தவர் அவர். அழகு எல்லாருக்கும் உரியது என்று தெருவில் நின்று பேசியவர். அவர் அச்சிட்ட சாசர் கவிதைத் தொகுப்பின் தாள் பிரதிகளோ 425 மட்டுமே, ஒன்றின் விலை 20 பவுண்டு. எந்தத் தொழிலாளி வாங்க முடியும்? கையால் நன்றாகச் செய்தால் விலை ஏறியது, விலையைக் குறைத்தால் வேலை கெட்டது. இந்த முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. இன்று கை அச்சுக்குத் திரும்பியிருப்பவர்கள் கையிலும் அது அப்படியே இருக்கிறது.

அத்தொகுப்புக்கு 87 படங்கள் வரைந்தவர், அன்று அவரோடு குருத்துவப் பாதையை விட்ட பர்ன்-ஜோன்ஸ். நூல் 1896 ஜூனில் நிறைவுற்று, நோயுற்றிருந்த மோரிஸின் கைக்கு வந்தது. அக்டோபர் 3-ல் அவர் இறந்தார். அச்சகத்தை நண்பர்கள் 1898 வரை நடத்தி, கையிலிருந்த வேலைகளை முடித்து மூடினார்கள்.