செம்பின் நீலவுப்பை ஆராய்ந்த தமிழர்: கே. எஸ். கிருஷ்ணன்

மயில்துத்தம் என்னும் நீலவுப்பை நம் ரசாயன சாலையிற் கையாளாதவர் நம்மில் யாருமிலர். அந்நீலப் பளிங்கினுள்ளே செம்பணுக்கள் எவ்வாறு அமர்ந்துள்ளன என்பதைக் காந்தத்தின் துணைகொண்டு ஆய்ந்தவர் நம் தமிழ்நாட்டவர் என்பதையோ பலர் அறியார். அவர்தாம் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

இப்பெரியார் 1898-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி வத்திராயிருப்பிற் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிற் பள்ளிப்படிப்பு முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். எனவே, மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் அவரை நம் மூத்தோராக எண்ணி மகிழலாம். பின்னர் சென்னைக் கல்லூரியிலேயே ரசாயனச் செய்முறை ஆசிரியராக இருந்தபோது, பகலுணவு வேளையில் மாணவர் எவரும் எவ்வையத்தையும் வினவலாம் என்று ஒரு சிறு கூட்டம் நடத்தினார். அயற்கல்லூரி மாணவரும் அதனை நாடி வந்தனர்.

1920-ல் கல்கத்தா சென்று, 1923 முதல் ராமனோடு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928-ல் புதிய ஒளிச்சிதறலை உலகிற்கு அறிவித்த முதற் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபெல் பரிசு ராமன் ஒருவர்க்கே கிடைத்தது. அதற்கு முன்னரே, 1928-ன் இறுதியில், கிருஷ்ணன் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார். பெரும் புகழின் அருகில் நின்ற ஒருவர் அதைவிட்டகன்று, வேறொரு துறையில் அடிநாளிலிருந்து தொடங்குதல் எளிதன்று. அவருடைய வாழ்வில் நாம் மிகவும் போற்றுவது இத்துணிவையே.

அவர் மேற்கொண்ட துறை பளிங்குகளின் காந்த குணம். நூலே தொழிலாகிய வேலம்பாளையத்தார்க்கு அவர் முறை வியப்பளிக்கும். படிகக்கல்லை உருக்கி இழுத்த மிக மெல்லிய நூலிற் சிறு பளிங்கொன்றைக் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிடுவார். பளிங்கு தனக்கு இசைந்த திசையில் நிற்கும். நூலின் மேல்நுனியை மெல்ல முறுக்கினால், ஓரளவு வரை பளிங்கு எதிர்த்து நின்று, பின் திடீரெனப் புரளும். அம்முறுக்கின் அளவே காந்த குணம் திசைக்குத் திசை வேறுபடுவதைக் காட்டிவிடும்.

1933-ல் கல்கத்தாவுக்கு மீண்டபின், முகர்ஜி என்பவரோடு மயில்துத்தத்தை ஆராய்ந்து 1936-லும் 1938-லும் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொரு செம்பணுவையும் நான்கு நீர்மூலக்கூறுகள் சதுரமாக நெருங்கிச் சூழ, இரு பிராணவாயு அணுக்கள் மேலும் கீழும் சற்று விலகி நிற்கின்றன என்பதை 1934-ல் பீவர்ஸ், லிப்ஸன் என்பார் எக்ஸ் கதிராற் கண்டிருந்தனர். ஆனால் பளிங்கின் அடிப்படைக் கூட்டில் செம்பணுக்கள் இரண்டு; அவற்றின் அச்சுகள் ஏறக்குறையச் செங்கோணமாகச் சாய்ந்துள்ளன. ஆதலின் முழுப்பளிங்கு காட்டும் குணம் தனியணுவின் குணமன்று. கலந்து நின்ற இரண்டையும் பிரித்தறிந்து, ஓரணுவின் இயல்பை அவர்கள் கணித்தனர்.

காந்தத்தால் அணுவமைப்பை அறியும் இவ்வழி மேலும் நீண்டது. குளிரக் குளிரக் காந்த குணம் மிகுவதே செம்புப்புகளின் இயல்பு. செம்பு அஸிடேட்டிலோ அது குறைவதை 1951-ல் குகா வெளியிட்டார். செம்பணுக்கள் அதில் இரண்டிரண்டாகப் பிணைந்துள்ளன என்று 1952-ல் ஆக்ஸ்போர்டில் பிளீனியும் பவர்ஸும் உய்த்துணர்ந்தனர். 1953-ல் எக்ஸ் கதிர் அதனை மெய்ப்பித்தது. நான்கு அஸிடேட் பாலங்கள் தாங்க, ஸெண்டிமீட்டரின் பத்துக்கோடியில் ஒரு பங்கை அலகாகக்கொண்டால் 2.64 அலகு தொலைவில் அவ்விரட்டையர் நிற்கின்றனர்.

கிருஷ்ணன் 1940-ல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1947-ல் புது டில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் தலைவரானார். 1958-ல் பட்நாகர் பரிசை முதன்முதற் பெற்றவரும் அவரே. தமிழிலும் வடமொழியிலும் பற்று நீங்காதவராய் வாழ்ந்து, 1961-ல் மறைந்தார்.

நம்மூர்ப் பின்னலாடையில் ஏறும் மயில்நீலச் சாயங்கள் பலவற்றின் நடுவிலும் செம்பணுவொன்று நான்கு நைட்ரஜன் அணுக்களிடையே வீற்றிருக்கிறது. அந்நிறத்தைக் காணுந்தோறும், பிறர் புகழின் நிழலில் தங்காது தம் வழியைத் தாமே கண்ட இம்மூத்தோரை நினைவோமாக.