எண்களின் புதிரை அவிழ்த்த இப்னுல் ஹைதம்

ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள். அதனை 2, 3, 4, 5, 6 ஆகியவற்றுள் எதனால் வகுத்தாலும் 1 மீதி வரவேண்டும். 7ஆல் வகுத்தால் மட்டும் மீதியே வரலாகாது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இப்புதிருக்கென்றே தனிநூல் எழுதியவர் இப்னுல் ஹைதம் ஆவார். ஒளியை ஆராய்ந்தவராக மட்டுமே நம்மில் பலர் அவரை அறிவர்.

965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த இப்பெருமகனாரின் வாழ்வு எளிதாக அமையவில்லை. நைல் நதியின் பெருக்கை ஒழுங்குபடுத்த இயலும் என்று அவர் கூறியதாகக் கேள்வியுற்ற பாத்திமிய கலீபா அல்ஹாகிம், அவரை எகிப்துக்கு வரவழைத்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். அஸ்வான் நோக்கிச் சென்ற வழியில் பழங்கால எகிப்தியரின் மாபெரும் கட்டடங்களை அவர் கண்ணுற்றார். இவ்வளவு கணக்கறிந்தோரே செய்யாதுவிட்டதைத் தாம் செய்வது எங்ஙனம்? திரும்பிவந்து தம் தவற்றை ஒப்புக்கொண்டார். கலீபா பதவியொன்று அளித்தார். ஆயினும் அவருடைய சினம் எவர்மீது எப்போது பாயும் என்பதை எவரும் அறியார். உயிருக்கு அஞ்சிய அறிஞர் பித்தராக நடித்தார். உடைமைகள் பறிபோயின, வீட்டுக்குள்ளேயே அடைபட்டார். 1021இல் கலீபா மறைந்த பின்னரே வேடத்தைக் களைந்தார். அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே தங்கி, யூக்ளிடின் நூல் முதலியவற்றை ஆண்டுதோறும் படியெடுத்து, 150 தீனாருக்கு விற்று வாழ்ந்தார். மன்னரின் ஊதியத்தை மீண்டும் நாடவில்லை.

இனி அந்தப் புதிர். 1 முதல் 6 வரை அனைத்தையும் பெருக்குங்கள்: 720. ஒன்றைக் கூட்டுங்கள்: 721. இதுவே ஒரு விடை. 7ஆல் வகுத்தால் 103 வரும். விடை கிடைத்ததே போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. மற்றொரு வழியையும் காட்டினார். அதில் 301 என்னும் சிறிய விடையும் கிடைக்கிறது. அதனோடு 420ஐக் கூட்டிக்கொண்டே சென்றால் விடைகளுக்கு முடிவே இல்லை.

இவை யாவற்றினும் வியப்பு ஒன்றுண்டு. முதல் வழி 7க்கு மட்டும் உரியதன்று, பகா எண் ஒவ்வொன்றுக்கும் உரியது என்பதை அவர் கண்டிருந்தார். நீங்களே சோதியுங்கள். 5க்கு முந்தைய எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 25. அது 5ஆல் வகுபடும். பகா எண்ணல்லாத 6க்கு அவ்வாறே செய்தால் 121. அது 6ஆல் வகுபடாது.

1770இல் ஐரோப்பாவில் இதே உண்மை வில்சன் என்பாரின் பெயரால் அச்சேறியது. மறு ஆண்டு லக்ராஞ்சு அதற்கு நிரூபணம் அளித்தார். பாடநூல்களில் இன்றும் வில்சனின் பெயரே நிற்கிறது.