பெர்சிவால் பாட்

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரத்து வானம் பெரும்பாலும் கரும்புகை சூழ்ந்தே விளங்கிற்று. குளிர் மிகுந்த அந்நகரத்து வீடுகளில் அறைதோறும் கணப்பு உண்டு. கணப்புதோறும் நிலக்கரி எரியும். எழுகின்ற புகை, சுவரினுள்ளே வளைந்து வளைந்து ஏறும் புகைபோக்கி வழியே கூரைக்கு மேற்செல்லும். புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது துடைத்து எடுக்காவிடின் வீடே தீப்பற்றி எரிதல் கூடும். ஆனால், அப்புகைபோக்கிகளுட் பல 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமே உடையவை. வளர்ந்த ஆள் அவற்றினுள் நுழைதல் இயலாது. ஆதலின், ஐந்தாறு வயதே நிரம்பிய ஏழைச் சிறுவர்களை அவற்றுள் ஏற்றித் துடைக்கச் செய்தனர். முழங்காலும் முழங்கையும் தேய, மூச்சுத் திணற, சில வேளைகளில் சூடு தணியாத சுவர்களுக்கிடையே அவர்கள் ஏறினர். கரிமூட்டையையே போர்வையாகக் கொண்டு உறங்கினர், நீராடுதலோ அரிது. அச்சிறுவர்கள் வளர்ந்து ஆளானபின் அவர்கள் தோலில் தோன்றிய ஒரு கொடுநோயின் காரணத்தை உலகுக்கு எடுத்துரைத்தவரே பெர்சிவால் பாட் என்னும் அறுவை மருத்துவர்.

பாட் 1714ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். மூன்று வயதளவில் தந்தையை இழந்தார். உறவினரான கிறித்தவச் சமயத் தலைவர் ஒருவரின் உதவியால் அவர் கல்வி நடைபெற்றது. அவரைச் சமயத் தொண்டில் ஈடுபடுத்த உற்றார் விழைந்தனர். அவர் உள்ளமோ அறுவை மருத்துவத்தையே நாடிற்று. அந்நாளில் அத்தொழிலுக்கு இன்றுள்ள மதிப்பு இல்லை. முடி திருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தைச் சேர்ந்திருந்தனர். 1745ஆம் ஆண்டிலேதான் அவர்கள் பிரிந்தனர். பாட் தம் 15ஆம் வயதில் பார்த்தலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்டு நூர்ஸ் என்பாரிடம் மாணாக்கராய் அமர்ந்து, ஏழாண்டுகள் பயின்றார். 1749ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையிலேயே முழுநிலை அறுவை மருத்துவரானார்.

1756ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள், பழைய கென்ட் சாலையில் குதிரைமீது சென்றுகொண்டிருந்த பாட் தவறிக் கீழே விழுந்தார். கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிற்று. சூழ இருந்தோர் தூக்க முற்பட்டனர். பாட் அதற்கு உடன்படவில்லை. முறிந்த எலும்பு அசையுமாயின் கேடு பெருகும் என்பதை அவர் நன்கறிவார். பனி உறைந்த தரையிற் கிடந்தவாறே, பல்லக்குத் தூக்குவோர் இருவரைத் தண்டுகளுடன் அழைத்துவர ஆளனுப்பினார். அவர்கள் வருமுன் ஒரு கதவை விலைக்கு வாங்கினார். தண்டுகளைக் கதவில் ஆணியால் அறைந்து, அதன்மேல் தம்மைக் கிடத்தச் செய்து, இலண்டன் பாலத்தைக் கடந்து வாட்லிங் தெருவிலிருந்த தம் இல்லத்தை அடைந்தார்.

எலும்பு தோலைக் கிழித்து வெளிவரின் காலை வெட்டி நீக்குவதே அந்நாளைய வழக்கம். புண் அழுகி உயிர் போகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். கூடிய மருத்துவர்கள் அவ்வாறே முடிவு செய்தனர், பாட்டும் இசைந்தார். கருவிகளும் ஆயத்தமாயின. அவ்வேளையில் அவர்தம் ஆசிரியர் நூர்ஸ் வந்து சேர்ந்தார். அவர் காலை நன்கு ஆராய்ந்து, அதனைக் காத்தல் கூடும் எனக் கருதினார். அவ்வாறே எலும்பைப் பொருத்திக் கட்டினார். கால் பிழைத்தது. சற்றே பிந்தி வந்திருப்பாராயின், பாட் எஞ்சிய வாழ்நாளை ஒற்றைக் காலுடனேயே கழித்திருப்பார். படுக்கையிற் கிடந்த அக்காலத்தில் அவர் குடலிறக்க நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மயக்க மருந்து அறியப்படாத அந்நாளில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைச் சுடும் வழக்கத்தை விலக்கி, நோயாளியை மென்மையாக நடத்த வேண்டும் என்னும் கொள்கையை அவர் பரப்பினார். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பாட் 1775ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் புகைபோக்கி துடைப்போரின் நோயைப் பற்றிய பகுதி சில பக்கங்களே உடையது. அவருடைய பெரிய நூல்கள் பலவற்றை இன்று படிப்பார் இலர். அச்சில பக்கங்களோ மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டன.

அந்நோய் தொடைகளுக்கிடையே மறைவிடத்துத் தோலில் ஒரு சிறு மருவாகத் தோன்றும். தொழிலாளர் அதனைக் கரிமரு என்றே அழைத்தனர். நாளடைவில் அஃது ஓரங்கள் தடித்த புண்ணாகும். இடத்தின் தன்மையால் அதனைப் பிறரிடம் கூற நாணினர். கூறியவர்களுக்கும் நன்மை விளையவில்லை. தீயொழுக்கத்தால் வந்த மேகநோய் எனப் பிழைபடக் கருதிய மருத்துவர்கள் பாதரச மருந்தைக் கொடுத்தனர். அதனால் புண் ஆறுவதற்கு மாறாக மேலும் கிளர்ந்தது. குற்றமற்ற தொழிலாளி நோயோடு பழியையும் சுமந்தான். நாணமும் தவறான மருத்துவமும் விழுங்கிய அத்திங்கள்களுக்குள் நோய் தோலைக் கடந்து உள்ளே புகுந்துவிடும்.

பாட் அது மேகநோயன்று, புற்றுநோயே எனத் தெளிந்தார். தோல் மடிப்புகளில் நாள்தோறும் தங்கும் புகைக்கரியே அதற்குக் காரணம் என உணர்த்தினார். இன்ன தொழிலால் இன்ன புற்றுநோய் வருகின்றது என எடுத்துக்காட்டியவர்களுள் அவரே முதல்வர். நோய் தோலளவில் நிற்கும்போதே அப்பகுதியை அறுத்து நீக்கிவிட வேண்டும். உள்ளுறுப்பைப் பற்றியபின் கத்தியால் ஆவது பெரும்பாலும் ஒன்றுமில்லை என வற்புறுத்தினார். தம் வெற்றியை அவர் மிகைப்படுத்திக் கூறவும் இல்லை. புண் நன்கு ஆறி இல்லம் சென்றோருட் சிலர், சில திங்களில் தொடையிடுக்கில் கட்டிகளுடன் திரும்பி வந்ததையும் மறைக்காது எழுதினார். காலந்தாழ்த்தலின் கேட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வறிவுரை பழையதாகவில்லை. தோற்புற்றுநோய்க்கு இன்று பெருங்காரணமாக அறியப்படுவது கதிரவனின் புறஊதாக் கதிரே. எனினும், சில வாரங்களாகியும் ஆறாத புண், புதிதாய்த் தோன்றி வளரும் கட்டி, வடிவமோ நிறமோ அளவோ மாறும் மச்சம் ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் விரைந்து காட்டுதல் வேண்டும். கரிய நிறத்தார்க்கு இந்நோய் குறைவே. ஆயினும் இல்லை என்பதற்கில்லை. அவர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் அது தோன்றுவதுண்டு. அவ்விடங்களை ஒருவரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதே இடர்.

புகைக்கரியில் உள்ள நச்சுப்பொருள் யாது என்பதைப் பாட் அறியார். 1915ஆம் ஆண்டில் யாமகிவா, இச்சிகாவா என்னும் சப்பானிய அறிஞர் இருவர் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை இடைவிடாது தடவிப் புற்றுநோய் உண்டாதலைக் காட்டினர். 1933ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இவற்றிற்கெல்லாம் முன்பே, ஐரோப்பாவின் பிற நாடுகளில் இத்தொழில் செய்வோர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்தும், நாள்தோறும் நீராடியும் இந்நோயினின்று பெரிதும் தப்பினர். இங்கிலாந்தின் சிறுவர்களுக்குச் சோப்பும் வெந்நீரும் கிட்டாமையே குறை என்றால் மிகையாகாது.

அவர்கள் பொருட்டு ஜோனஸ் ஹான்வே என்னும் அருளாளர் பல்லாண்டு போராடினார். 1788ஆம் ஆண்டில், எட்டு வயதுக்குட்பட்ட சிறுவரை இத்தொழிலிற் சேர்த்தல் ஆகாது எனச் சட்டம் பிறந்தது. ஆனால், அதனை நடைமுறைப்படுத்துவார் இலர். 1875ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே புகைபோக்கியிற் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். அதன் பின்னர், அவ்வாண்டில் இயற்றிய சட்டமே இக்கொடுமைக்கு முடிவு கட்டிற்று.

அதனைக் காணப் பாட் அன்று உயிரோடில்லை. அவர் 1787ஆம் ஆண்டில் மருத்துவமனைப் பணியினின்று விலகினார். ஆயினும் நோயாளிகளைக் காண்பதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு திசம்பர்த் திங்களில், கடுங்குளிரையும் பாராது, நகருக்கு வெளியே தொலைவிலிருந்த ஒரு நோயாளியைப் பார்த்து வந்தார். குளிர் தாக்கியதால் நோயுற்று, 22ஆம் நாள் உயிர் நீத்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குமுன் கதவின்மேற் கிடத்தி அவரைச் சுமந்து வந்த அதே வாட்லிங் தெருவை அடுத்துள்ள மேரி ஆல்டர்மேரி ஆலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.