மாணவர் மனங்களில் எழுத்தார்வம் விதைத்தவர்

தமிழவேள் கோ. சாரங்கபாணி 1903-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். இளம் வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து, 1935-இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ இதழின் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்தார்.

அக்காலத்தில் பேராக் போன்ற மாநிலங்களின் ரப்பர் தோட்டப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி மட்டுமே இருந்தது. அதன்பின் பலர் பால்மரம் வெட்டச் சென்றனர். தமிழ் படிப்பதும் எழுதுவதும் அத்துடன் நின்றுபோகும் நிலை இருந்தது. இந்நிலையில், 1950-களில் சாரங்கபாணி தம் இதழில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியைத் தொடங்கினார்.

சிங்கப்பூர், மலாயா மாணவர்கள் அதற்குக் கதை, கவிதை, கட்டுரைகளை எழுதி அனுப்பினர். தாங்கள் எழுதியதை அச்சில் கண்டு மகிழ்ந்தனர், மீண்டும் எழுதினர். அவர்களுள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகப் புகழ் பெற்றனர். சாரங்கபாணி 1974-இல் மறைந்தார். அவர் ஊட்டிய எழுத்தார்வமோ மலேசியத் தமிழ் இலக்கியத்தில் வேரூன்றியது.