கல்லறை இல்லாத புனிதர்

1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்த யோசப்வாஸ் அடிகளாரின் கல்லறை எங்கே என்பது இன்றுவரை யாருக்கும் அறுதியாகத் தெரியாது. இலங்கையின் முதல் புனிதருக்கு ஒரு கல்வெட்டுக்கூட மிஞ்சவில்லை. வாழ்ந்தபோதும் அவர் அப்படித்தான் வாழ்ந்தார்.

கோவாவின் பெனோலிம் ஊரில் 1651 இல் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்றார்கள். இலங்கைக் கத்தோலிக்கர் குருவில்லாமல் தவிக்கும் செய்தி கோவாவுக்கு எட்டியது. ஐரோப்பியக் குரு வந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். 1687 இல் யோசப்வாஸ் அங்கியைக் கழற்றி, கூலியாளைப்போல உடுத்து, யோவான் என்ற ஏவலாளுடன் தூத்துக்குடியில் கப்பலேறினார்.

யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தபோது வயிற்றோட்டத்தால் நடக்க முடியாத நிலை. நோய் தொற்றும் என்று பயந்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியில்தான் பிழைத்தார் என்பார்கள். பிறகு கழுத்தில் செபமாலை தெரிய, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். 29 வருடங்களாக மறைத்து வைத்திருந்த விசுவாசத்தை அப்படித்தான் கண்டுபிடித்தார். அவருக்கு இடம் கொடுத்தது சில்லாலை. 1689 நத்தாருக்குக் கூடியவர்களை ஒல்லாந்தப் படை சுற்றிவளைத்தபோது சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். அடிகளார் தப்பினார்.

1692 இல் கண்டிக்குள் நுழைந்ததும் உளவாளி என்று சிறைவைக்கப்பட்டார். இந்தக் குற்றச்சாட்டு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. அவர் செபித்ததும் மழை பெய்தது என்ற கதையைத்தான் பலரும் விரும்பிச் சொல்வார்கள். எனக்கோ 1697 தான் பெரிது. பெரியம்மை பரவி, அரசனே நகரைவிட்டுப் போய்விட்டான். சொந்தக்காரர் காட்டில் விட்டுப்போன நோயாளிகளை, மதம் பார்க்காமல், அடிகளார் கழுவித் துடைத்து உணவூட்டினார். இறந்தவர்களைத் தானே புதைத்தார்.

பின்னர் ஆயர் பதவி தேடி வந்தது. ஏற்கவில்லை. ஆலயம் என்று கட்டியவையும் பெரும்பாலும் ஓலைக் கொட்டில்கள்தான். ஊருக்கு ஊர் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் பழக்கிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். குரு வராத மாதங்களிலும் செபம் நடக்கவேண்டும், பிள்ளைகளுக்கு ஞானபாடம் சொல்ல ஆள் இருக்கவேண்டும் என்பதே அவர் கணக்கு. 1806 இல் பிரித்தானியர் தடைகளை நீக்கும்வரை அந்தக் கணக்கு பிழைக்கவில்லை. இடம்பெயர்ந்து மர நிழலில் செபமாலை சொன்னவர்களுக்கு இது விளங்கும்.

பண்ணைப் பாலம் கடந்து புளியங்கூடலுக்குப் போகிற வழியில் அல்லைப்பிட்டி வருகிறது. அங்குள்ள ஆலயம் புனித பிலிப்பு நேரியார் பெயரில் இருக்கிறது. யோசப்வாஸ் சேர்ந்திருந்த ஓரட்டோரியன் சபையைத் தொடங்கியவர் அவர்தான். 2006 ஆகஸ்ட் 13 அன்று அந்த ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. பலர் இறந்தார்கள்.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், யோசப்வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் மடுவுக்குச் சென்றார். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே காத்திருந்தார்கள்.